அமெரிக்காவில் வாக்கி-டாக்கி: எந்தச் சேனல், என்ன விதி?

எஃப்.ஆர்.எஸ். (Family Radio Service, பொதுமக்களுக்கான குறைந்த சக்தி வாக்கி-டாக்கி) செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். மொத்தம் 22 சேனல். 8 முதல் 14 வரை அரை வாட்தான். வீட்டைச் சுற்றிப் பேச அது போதும். மலையேற்றம், இரண்டு கார் பயணம் என்றால் 1–7 அல்லது 15–22. அங்கே 2 வாட் வரை உண்டு. ஆன்டெனாவை மாற்றக் கூடாது.

முதலில் பிரைவசி குறியீட்டை அணைத்துவிட்டுச் சற்று நேரம் கேளுங்கள். ஆள் இல்லாத சேனலைப் பிடியுங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அந்தக் குறியீடு அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவே. உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம். ஒரே சேனலில் இருந்தும் பதில் இல்லையா? பெரும்பாலும் குறியீடு பொருந்தவில்லை. இரண்டு செட்டிலும் குறியீட்டை 0 வையுங்கள்.

ஜி.எம்.ஆர்.எஸ். (General Mobile Radio Service, இன்னும் அதிக சக்தி கொண்ட வகை) செட் என்றால் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) லைசென்ஸ் கட்டாயம்: 35 டாலர், 10 ஆண்டு, தேர்வு கிடையாது, குடும்பத்துக்கே ஒன்று போதும். பேசி முடிக்கும்போதும், நீண்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் கால் சைன் (லைசென்ஸோடு தரப்படும் அடையாளக் குறி) சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் சொல் போய்ச் சேராது.