யாழ்ப்பாணத்தில் பாஸ், ரொறன்ரோவில் ஃபெயில்: திகதி டெஸ்டுகளில் நாம் விடுகிற பிழைகள்

ஒரு கல்யாண மண்டப முன்பதிவு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மூன்று பேர், ரொறன்ரோவில் ஒருவர். நிரல் சரியா என்று தானாகச் சோதிக்கிற எங்கள் டெஸ்டுகளில் ஒன்று பகல் முழுக்கப் பச்சையாக (பாஸாக) ஓடும், இரவு பன்னிரண்டு தாண்டினால் சிவப்பாகும், விடிய ஐந்தரைக்குப் பிறகு தானாகவே சுகமாகிவிடும். பேய் பிடித்த டெஸ்ட் என்று பெயர் வைத்து, “திரும்ப ஓட்டிப் பாருங்கோ” என்றே ஒரு மாதத்தைக் கடத்தினோம்.

ஐந்தரை என்றவுடனேயே பிடிபட்டிருக்க வேண்டும். இலங்கை நேரம் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். இன்றைய திகதியை எடுக்க, ஜாவாஸ்கிரிப்ட் தருகிற ஐஎஸ்ஓ வடிவச் சரத்தில் (வருடம்-மாதம்-நாள், பிறகு நேரம் என்று வருகிற எழுத்து வரிசை) முதல் பத்து எழுத்துகளை யாரோ (நான்தான்) வெட்டியிருந்தேன். அந்தச் சரம் எப்போதும் யூடிசியில்தான் வரும். ஆக, நள்ளிரவு ஒரு மணிக்கு அது நேற்றைய திகதியைத் தரும். சிஐ சேர்வரோ (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டுகிற இயந்திரம்) யூடிசியிலேயே ஓடுவதால் அங்கே உள்ளூர்த் திகதியும் யூடிசித் திகதியும் எப்போதும் ஒன்றுதான், ஒரு நாளும் விழவில்லை. பேய் டெஸ்டில் இல்லை, என் நிரலில் இருந்தது.

முதல் தவறு இதுதான்: டெஸ்ட் நிஜக் கடிகாரத்தைப் பார்ப்பது. நேரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். ஜாவாவில் நிலையான கிளாக் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்டுக் கருவியான ஜெஸ்டில் போலி டைமர் இருக்கிறது, பைத்தானுக்கு நேரத்தை நிறுத்தி வைக்கிற ஃப்ரீஸ்கன் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தை இப்படி உறைய வைக்கும்போது நண்பகல் 12 மணியில் உறைய வைத்தால் அந்தப் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். அதிகாலை 1.15ஐ எடுங்கள்.

அடுத்தது நேர வலயம். ‘2024-03-01’ என்று வெறும் திகதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்டின் டேட்டுக்குக் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு அது மார்ச் 1 காலை ஐந்தரை, எந்தப் பிரச்சினையும் இல்லை. ரொறன்ரோவில் அது பெப்ரவரி 29 இரவு ஏழு மணி. மண்டபம் ஒரு நாள் முந்திப் பதிவானது போலத் தெரிய, அங்கே இருக்கிற தம்பி “அண்ணா, இது என்ன?” என்று படம் எடுத்து அனுப்பினார். கிழக்கே இருக்கிறவர்களுக்கு இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணில் படாது, அதுதான் இதன் கள்ளத்தனம்.

சரி, எல்லா இடத்திலும் +5:30 என்று எழுதிவிட்டால்? அதுவும் பிழை, அதுவும் நம் ஊர்க்காரரே விடக்கூடாத பிழை. 1996 மே மாதம் இலங்கை நேரம் +6:30 ஆனது, அதே ஒக்டோபரில் +6:00, பிறகு 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் +5:30. (அந்தக் காலத்தில் வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு கடிகாரம். அதற்கு நேர வலயத் தரவுத்தளத்தில் தனிப் பெயர் கிடையாது.) ஒருவரின் பிறந்த திகதியாக 1999 ஓகஸ்ட் 10 நள்ளிரவைக் கொழும்பு வலயத்தில் சேமித்தால் யூடிசியில் அது 9ஆம் திகதி மாலை ஆறு மணி. அதை +5:30 கூட்டிக் காட்டினால் 9ஆம் திகதி இரவு 11.30. பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது! வலயத்தின் பெயரைக் கொடுங்கள், எண்ணைக் கொடுக்காதீர்கள். அதைவிட நல்லது, பிறந்த திகதிக்கு நேரமே சேர்க்காமல் வெறும் திகதியாக வைப்பது.

டெஸ்டுக்கு எடுக்கிற திகதியிலும் சோம்பல் காட்டுகிறோம். 05/05/2025 என்று எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறினாலும் டெஸ்ட் பாஸ். ஜாவாவின் திகதி வடிவக் குறியில் பெரிய ‘டி’ (D) போட்டால் அது மாதத்தின் நாள் அல்ல, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, ஆனால் ஜனவரித் திகதி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். பெரிய ‘ஒய்’ (Y) இன்னும் மோசம். அது வாரக் கணக்கு வருடம் (அந்த வாரம் எந்த வருடத்தில் சேர்கிறதோ அது), கிட்டத்தட்ட வருடம் முழுக்கச் சரியாகவே இருக்கும். 2024 டிசம்பர் 30ஐ அதில் போட்டுப் பாருங்கள், 2025 டிசம்பர் 30 என்று ரசீது அடிக்கும். ஆகவே 12க்கு மேற்பட்ட நாள், பிற்பகல் நேரம், ஒரு வருடக் கடைசி, ஒரு பெப்ரவரி 29. இவ்வளவும் இருந்தால் பாதிப் பிழை அகப்பட்டுவிடும்.

இனி எனக்கு அதிகம் தலையிடி தந்தது: மொழி. நாங்கள் ஓகஸ்ட், ஒக்டோபர், பெப்ரவரி என்று எழுதி வளர்ந்தவர்கள். மென்பொருள் நூலகங்கள் எடுக்கிற சிஎல்டிஆர் தரவில் (ஒவ்வொரு மொழிக்குமான மாதப் பெயர், திகதி வடிவங்களின் தொகுப்பு) ஆகஸ்ட், அக்டோபர், பிப்ரவரி. டெஸ்ட் எதிர்பார்க்கிற விடையை நம் எழுத்திலேயே கையால் தட்டினால் டெஸ்ட் விழும், அது நியாயம். ஆனால் நூலகம் தருகிற ‘அக்டோபர்’ என்பதையே எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் விழலாம், ஏனென்றால் ‘டோ’வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் அரவும் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (அதில் ஓகாரம் எப்போதும் ஒரே குறி) மாற்றுங்கள்.

அந்தத் தரவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஜாவா 16இல் பிரித்தானிய ஆங்கிலத்தின் செப்டெம்பர்ச் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து நான்கெழுத்தானது. ஜாவா 20இல் அமெரிக்க ஆங்கில நேரத்தில் ‘பிஎம்’முக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளி, குறுகிய உடையாத இடைவெளியாக மாறியது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, டெஸ்ட் மட்டும் வரிசையாக விழும். சேர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட் மென்பொருளின் 13க்கு முந்திய பதிப்புகளிலோ வழமையான நிறுவலில் ஆங்கிலம் மட்டும்தான், தமிழ் கேட்டால் சத்தமில்லாமல் ஆங்கிலத்தில் தரும். நூலகத்தின் அழகெழுத்தை எழுத்துக்கு எழுத்துச் சோதிப்பது நம் வேலை இல்லை. சரியான திகதியை, சரியான வலயத்தோடும் மொழியோடும் கொடுத்தோமா என்று பாருங்கள். ரசீதில் வடிவம் மாறவே கூடாது என்றால் அந்த வடிவத்தை நீங்களே எழுதி, மாதப் பெயரையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ‘ஓகஸ்ட்’டை அப்படித்தான் காப்பாற்றினோம்.

இதற்குப் பயந்து சிலர், நிரலில் அழைக்கிற அதே ஃபோமாட்டரை (திகதியை எழுத்தாக்குகிற கருவியை) டெஸ்டிலும் அழைத்து, எதிர்பார்க்கிற விடையைச் செய்கிறார்கள். பக்கத்துப் பெடியன் உங்கள் கொப்பியைப் பார்த்து எழுத, நீங்கள் அவனுடையதைப் பார்த்துத் திருத்துவது போல. இரண்டும் சேர்ந்தே பிழைக்கும். இன்னும் சிலர் டெஸ்டின் நடுவே முழு நிரலுக்குமான இயல்பு மொழியை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறக்கிறார்கள். அடுத்த டெஸ்ட் விழும், தனியாக ஓட்டினால் விழாது.

இப்போது எங்கள் சிஐ ஒவ்வொரு முறையும் கொழும்பு, ரொறன்ரோ, யூடிசி என்று மூன்று வலயத்தில் ஓடுகிறது. அதிலும் ஒரு பொறி இருந்தது. டெஸ்ட் ஓட்ட எடுத்த அல்பைன் டொக்கர் இமேஜில் (தயாராகக் கட்டிவைத்த சிறிய லினக்ஸ் பொதி) நேர வலயத் தரவு இயல்பாக இருக்காது. அந்தத் தரவை நம்பியிருக்கிற நிரல், எந்த வலயத்தின் பெயரைக் கொடுத்தாலும் புகார் சொல்லாமல் யூடிசியிலேயே ஓடும், மூன்றும் பச்சை. அதனால் முதல் டெஸ்டாக ஒன்று போட்டோம்: கொழும்பில் 1999 ஓகஸ்ட் 10க்கு +6:00 வருகிறதா? தரவு இல்லாத இயந்திரத்தில் அதுதான் முதலில் விழும்.