வாட்டர்கலரில் எழுத்து: விட்ட கையைத் திரும்பப் பழக்க

பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டுவிட்டு, "இனிமே எனக்கு வராது" என்று சொல்பவர்கள் வாட்டர்கலரில் எழுத்து எழுதிப் பாருங்கள். படம் என்றால் எதை வரைவது என்பதிலேயே தயங்கி நிற்போம். எழுத்தோ கைக்கு ஏற்கெனவே தெரியும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு அவென்யூ ரோடு ஸ்டேஷனரி கடைகள் இருக்கின்றன. 4-ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ், சின்னக் கலர் பெட்டி போதும். காசைத் தாளில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), வழவழப்பானது. சாதாத் தாள் ஈரம் பட்டதும் நெளியும்; நம் கைதான் சரியில்லை என்று தோன்றிவிடும்.

கீழே இறங்கும் கோட்டுக்கு அழுத்தம், ஏறும் கோட்டுக்கு நுனி மட்டும். முதலில் ட, ப, ம. கை இளகிய பிறகு அ, ழ.

அப்புறம்தான் அழகே. நீலத்தில் ஒரு எழுத்து எழுதி, ஈரம் மினுங்கும்போதே அடிமுனையில் ரோஸைத் தொட்டு வையுங்கள். அது மெல்ல ஏறி நடுவில் ஊதாவாகும். அந்த இடத்தைத் திருத்தப் போகாதீர்கள், பிரஷ் பட்டால் கலங்கிவிடும். ஊதாவோடு மஞ்சள் மட்டும் வேண்டாம், சேற்று நிறமாகும். மார்ச், ஏப்ரலில் சட்டென்று காய்வதால் இரண்டாவது நிறத்தை முன்பே கரைத்து வையுங்கள்.

எழுதியதை நோட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். நவராத்திரி தாம்பூலப் பையில் கட்டும் சீட்டில் வருபவர் பெயரை எழுதிக் கொடுங்கள். ஜனவரியில் பெங்களூர் குமாரகிருபா ரோட்டில் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை நடக்கும்போது, எழுத்து எழுதி விற்பவர்களிடம் என்ன பிரஷ், என்ன தாள் என்று தயங்காமல் கேளுங்கள்.