எஸ்டிஐ கடைசியில்தான்: கெர்னலில் இன்டரப்ட்டை எழுப்பும் வரிசை

சொந்தமாகக் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதுகிறவர்களுக்குத் திரையில் நாலு எழுத்து வந்ததும் அடுத்த ஆசை கீபோர்டு. அதற்கு இன்டரப்ட் வேண்டும், அதாவது ஒரு சாதனம் பிராசசரை இடைமறித்து 'என்னைக் கவனி' என்று கூப்பிடுவது. அங்கேதான் மெஷின் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகி உயிரை வாங்கும். பெரும்பாலும் கோடு சரியாகவே இருக்கும், வரிசைதான் தப்பு. 32 பிட் எக்ஸ்86, சாதனங்களின் இன்டரப்ட்டைப் பிராசசருக்கு அனுப்பும் பழைய 8259 பிக் சிப், இதை வைத்துச் சொல்கிறேன். எண்களெல்லாம் டெசிமலில்.

முதலில் சிஎல்ஐ, இன்டரப்ட்டை அடைக்கும் கட்டளை; எஸ்டிஐ அதைத் திறப்பது. அப்புறம் உங்கள் சொந்த ஜிடிடி, மெமரிப் பகுதிகளின் அட்டவணை. பூட்லோடர் கிரப் விட்டுப்போனதை நம்பாதீர்கள், ஏனென்றால் ஐடிடியின் (எந்த இன்டரப்ட் வந்தால் எந்த ஹேண்ட்லர், அதாவது எந்த ஃபங்ஷன், ஓட வேண்டும் என்ற அட்டவணை) ஒவ்வொரு வரியும் ஒரு கோட் செலக்டரை (ஜிடிடி வரி ஒன்றைச் சுட்டும் எண்) காட்டும், அந்த வரி ஜிடிடியில் நிஜமாகவே இருக்க வேண்டும்.

ஐடிடி என்பது 256 வரிகள், வரிக்கு 8 பைட். ஹேண்ட்லர் முகவரி இரண்டு துண்டாக, நடுவில் செலக்டர், ஒரு சுழியம், வகை பைட் 142. ஐடிடியைப் பிராசசருக்குக் காட்டும் எல்ஐடிடி கட்டளைக்குக் கொடுக்கும் அளவு 2048 இல்லை, ஒன்று குறைத்து 2047.

ஹேண்ட்லரை நேரடியாக சி ஃபங்ஷனாக வைக்காதீர்கள். முன்னால் ஒரு சின்ன அசெம்பிளி ஸ்டப் வேண்டும்: ரெஜிஸ்டர்களைச் சேமித்து, சி-யைக் கூப்பிட்டு, மீட்டு, இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் ஐரெட் கட்டளை. 8, 10 முதல் 14, 17 போன்ற எக்செப்ஷன்களுக்கு (பிராசசரே எழுப்பும் பிழைகள்) பிராசசரே ஸ்டாக்கில் எரர் கோடு தள்ளும், மற்றவற்றுக்குத் தள்ளாது. தள்ளாதவற்றில் நீங்களே ஒரு சுழியத்தைத் தள்ளி ஸ்டாக்கை ஒரே மாதிரி ஆக்குங்கள், ஐரெட்டுக்கு முன் எரர் கோடோ சுழியமோ, அதை எடுத்துவிடவும் மறக்காதீர்கள். இதுவரை செய்ததை 3-ஆம் இன்டரப்ட்டை நீங்களே எழுப்பும் 'இன்ட் 3' போட்டுச் சோதித்துப் பாருங்கள், எஸ்டிஐ இல்லாமலே ஓடும். இது தேறாமல் மேலே போக வேண்டாம்.

இப்போது பிக். பயாஸ் டைமரை 8-ஆம் எண்ணில் வைத்திருக்கும், ப்ரொடெக்டட் மோடில் (நம் கெர்னல் ஓடும் 32 பிட் நிலை) அதே 8 டபுள் ஃபால்ட், ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே வரும் இன்னொரு பிழை. டைமரோ நீங்கள் கேட்காமலே நொடிக்கு 18 தடவை அடிக்கும். ஆக, இடம் மாற்றாமல் எஸ்டிஐ போட்டால் கண் சிமிட்டுவதற்குள் ஆட்டம் முடிந்தது. இரண்டு சிப்பின் கமாண்ட் போர்ட்டுக்கும் (32, 160) 17 எழுதுங்கள். பிறகு டேட்டா போர்ட் 33-இல் வரிசையாக 32, 4, 1; 161-இல் 40, 2, 1. இந்த 32 ஒரு இடத்தில் போர்ட், ஒரு இடத்தில் வெக்டர் (டைமரின் புது இன்டரப்ட் எண்), இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டளை, எழுதினவனுக்கே தலை சுற்றும், பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, வேண்டாத இன்டரப்ட்டுகளை அடைக்கும் மாஸ்க்: 33-இல் 252, 161-இல் 255. டைமரும் கீபோர்டும் மட்டும் திறந்திருக்கும்.

டைமர் வேகம் மாற்ற வேண்டுமா? 67-ஆம் போர்ட்டில் 54, பிறகு 64-இல் 1193182-ஐ வேண்டிய வேகத்தால் வகுத்த எண், கீழ் பைட் முதலில்.

சரி, இப்போது எஸ்டிஐ.

ஒரே ஒரு டிக் வந்து எல்லாம் நின்றுவிட்டதா? வேலை முடிந்ததென்று பிக்கிடம் சொல்லவில்லை. இதற்காக நான் ஒரு ராத்திரி முழுக்க ஐடிடியைக் குடைந்திருக்கிறேன். ஹேண்ட்லர் முடியும்போது போர்ட் 32-இல் 32 எழுத வேண்டும், இரண்டாவது சிப்பிலிருந்து வந்தது என்றால் 160-இலும். கீபோர்டு முதல் எழுத்தோடு நின்றால் 96-ஆம் போர்ட்டைப் படிக்கவில்லை என்று அர்த்தம், படித்துக் குப்பையில் போட்டாலும் பரவாயில்லை, படித்தாக வேண்டும்.