‘பூஞ்சை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆணுறுப்புத் தோல் தொற்று என்றால், நோயாளியின் கார்டில் ‘பூஞ்சை’ என்று நிறுத்தாமல் எந்த இடம், எந்தக் கிருமி இரண்டையும் அப்போதே எழுதிவிடுங்கள். நோய்களுக்குக் குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐசிடி-10-இல் குறியீடு மாறுவதே அதை வைத்துத்தான்: தொடை இடுக்கில் படை என்றால் பி35.6, மொட்டில் (ஆணுறுப்பின் முனையில்) கேண்டிடா என்ற பூஞ்சை என்றால் பி37.4, கூடவே என்51.2, கிருமி தெரியாத மொட்டு அழற்சிக்கு என்48.1. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்கள் கூச்சத்தில் ‘கீழே அரிப்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். டாக்டரும் பார்த்த இடத்தை எழுதாவிட்டால் ஃபைல் திரும்ப அவர் மேசைக்கே போகும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குக் கேண்டிடா எளிதில் வரும். அந்த நோயும் பதிவில் இருந்தால் தனிக் குறியீடு போடுங்கள்.

டாக்டர் கிருமியை உறுதிசெய்யாதபோது, குறியீடு போடும் நாமாக ஊகிக்கக் கூடாது. ஐசிடி-10-இன் அமெரிக்கப் பதிப்பு கேட்கும் இன்சூரன்ஸ் பாரத்துக்கும் இந்தக் குறியீடுகள் அப்படியே ஒத்துவராது. அங்கே கேண்டிடா மொட்டு அழற்சி பி37.42.