சயனைடு வேண்டாம், சார்: துப்பறியும் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் துப்பறியும் கதை எழுதுபவர்களில் பாதிப் பேர் கையில் எடுப்பது சயனைடு. ஏன் என்று கேட்டால், 'எல்லாக் கதையிலும் அதுதானே வருகிறது' என்பார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். விஷம் என்பது பெயர் மட்டுமல்ல. அதற்கென்று ஒரு ருசி, ஒரு வேகம், ஒரு குணம் இருக்கிறது. கதையே அந்தக் குணத்திலிருந்து முளைக்கலாம்.

அகதா கிறிஸ்டியைப் பாருங்கள். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தொண்டு நர்ஸாகச் சேர்ந்து, பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்குப் போனார். தன் முதல் துப்பறியும் நாவலை அந்தச் சீசாக்களுக்கு நடுவே, வேலை ஓய்ந்த நேரங்களில்தான் யோசித்தார். ஸ்டிரிக்னைன் என்ற விஷம் சேர்ந்த டானிக்கில் புரோமைடு உப்பு விழுந்தால் அந்த விஷம் படிகமாகி அடியில் தங்கிவிடும். சீசாவின் கடைசி வேளை மருந்தைக் குடிப்பவருக்கு மொத்தமும் ஒரே மடக்கில் போய்விடும். அந்த நேரத்தில் கொலையாளி பக்கத்தில் இருக்கவே வேண்டாம்! (கொலையாளி யாரென்று நான் சொல்லவில்லை, கோபிக்காதீர்கள்.) 1920-இல் வெளியான அந்த நாவலை மருந்தாளர்களின் பத்திரிகை ஒன்று பாராட்டியது. கதைக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆட்களையும் அவர் அங்கிருந்தே எடுத்தார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் சட்டைப் பையில் கியுராரே விஷக்கட்டியை வைத்துக்கொண்டு திரிந்தார். அது இருந்தால் தனக்குப் பலம் வந்தது போல் இருக்கிறது என்றாராம். அவரே ஒருநாள் தசமப் புள்ளியைத் தவறாக வைத்து, மருந்தைப் பத்து மடங்கு கூட்டிவிட்டார். கிறிஸ்டி வாய் திறக்கவில்லை. கால் தடுக்கியது போல் நடித்துத் தட்டோடு கவிழ்த்துவிட்டார். பல்லாண்டு கழித்து, 1961-இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு அந்த மனிதரின் நினைவு உதவியது. அதில் தாலியம் விஷத்தின் அறிகுறிகள் எவ்வளவு சரியாக இருந்தன என்றால், 1977-இல் லண்டன் மருத்துவமனையில் நோய் பிடிபடாமல் கிடந்த ஒரு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ்தான் ஊகித்துச் சொன்னார்.

அடுத்தது, துப்பை ஒளித்துவைப்பது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுப்பார். அப்படி ஒரு கடிதம் இருப்பதே நமக்குத் தெரியாது. இது மோசடி. வாசகருக்குக் காட்டாத துப்பைத் துப்பறிவாளர் பயன்படுத்தக் கூடாது என்று துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி எழுதிவிட்டார். 1926-இல் கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட்' நாவல் வந்தபோது ஏமாற்று வேலை என்று சிலர் கொதித்தார்கள். திரும்பப் படித்தால் எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. பரபரப்பான வாக்கியத்தை அடுத்து, சாதுவாக ஒரு வரி. நாம்தான் தாண்டிப் போயிருப்போம்.

தெரியாத இடத்தில் கதையை முடிக்காதீர்கள். கிறிஸ்டியின் முதல் நாவலின் கைப்பிரதியில் அவருடைய துப்பறிவாளர் புவாரோ மர்மத்தை நீதிமன்றக் கூண்டில் நின்று விளக்கினார். நீதிமன்றத்தில் அப்படி நடக்காது என்று பதிப்பாளர் ஜான் லேன் சொல்ல, காட்சி வீட்டு வரவேற்பறைக்கு மாறியது. சந்தேகத்துக்குரியவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசும் புவாரோவின் வழக்கம், இப்படி ஒரு திருத்தத்தில் தொடங்கியது.

துப்பறிவாளரின் வயதிலும் கவனம் வேண்டும். ஓய்வுபெற்ற போலீஸ்காரராகவே புவாரோவை அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அவரை இழுக்க வேண்டியதாயிற்று. கணக்குப் போட்டால் நூறைத் தாண்டும். இளைஞராகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கிறிஸ்டியே பின்னால் நொந்துகொண்டார்.

இரட்டைப் பிறவி, திடீர் வாக்குமூலம், கனவில் கிடைக்கும் விடை: இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சொந்தத் துக்கத்தைக் கொலைக்கதையில் கொட்டுவதும் எழுதுபவர்களுக்குப் பெரிய ஆசை. 1926-இல் கிறிஸ்டியின் தாய் இறந்தார்; கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னார். டிசம்பரில் கிறிஸ்டி 11 நாட்கள் காணாமல் போய், ஹாரோகேட் ஊர் ஓட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டார். இந்த வேதனையைப் புவாரோவிடம் அவர் ஒப்படைக்கவில்லை. மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில், கொலையே இல்லாத நாவல்களில் அதற்கு இடம் கொடுத்தார். சுயசரிதையில் அந்த 11 நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.