வீட்டிலேயே ஒரு ஃபாயில் சர்ஃப் பலகை

சாதாரண சர்ஃப் பலகை நீரின் மேல் வழுக்கி ஓடுவது. ஃபாயில் பலகையோ வேகம் எடுத்ததும் அடியில் பூட்டிய இறக்கையின் தூக்குவிசையால் நீரை விட்டே எழுந்துவிடும். எழுந்தபின் ஓட்டுபவரின் எடை முழுவதும், இறக்கையைப் பலகையோடு இணைக்கும் தண்டான மாஸ்டின் தலைத்தகடு பலகையோடு சேரும் சிறு இடத்தில்தான் இறங்குகிறது. முக்கால் மீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டு நெம்புகோலாகி, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடத்தை முறுக்குகிறது. விளிம்பின் வளைவு சற்றுப் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம். இணைப்பு பிசகினால் பலகையே போயிற்று.

உள்ளுடலுக்குக் கன மீட்டருக்கு 20 முதல் 30 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் கட்டி போதும். பக்கவாட்டு வார்ப்புருக்கள் இரண்டை இருபுறமும் பொருத்திச் சூடான கம்பியால் அறுத்தால் முன்பக்க வளைவு சீராக வரும். மேலே போர்த்தும் கண்ணாடி இழைத்துணியை ஒட்டி இறுக்கும் ரெசின் எபாக்ஸியாகவே இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

என் முதல் பலகையில், மாஸ்டின் போல்ட்டுகளைப் பூட்டும் பள்ளச் சட்டங்களான தண்டவாளங்களை நேராகத் தெர்மாகோலிலேயே பதித்தேன். சில நாட்களில் அவற்றின் ஓரமாக மயிரிழை போன்ற விரிசல் கண்டது, அதன் வழியே நீரும் உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த பலகையில், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பிவிசி நுரைக் கட்டையை அடிப்பக்கத்திலிருந்து மேல்தளம் வரை முழு ஆழத்துக்கும் இறக்கினேன். அப்போதுதான் சுமை இருபுறத்துக் கண்ணாடி இழை உறைக்கும் பகிர்ந்து போகிறது.

அந்தக் கட்டையில், ரூட்டர் எனும் பள்ளம் குடையும் கருவியால் இரண்டு பள்ளங்கள் வெட்ட வேண்டும். தண்டவாளங்களின் மைய இடைவெளி பொதுவாக 90 மில்லிமீட்டர். அளவுகோலை மட்டும் நம்பாமல், மெழுகு பூசிய தலைத்தகட்டையே போல்ட்டுகளால் அவற்றில் பூட்டி, பலகையின் நடுக்கோட்டோடு ஒத்துப் பார்த்து, அப்படியே கெட்டியாக்கிய எபாக்ஸியில் அமர்த்துவது நல்லது. அதற்கு முன் தண்டவாளத்தின் வாயை டேப்பால் மூடிவிடுங்கள். உள்ளே வழிந்து இறுகிய ரெசினைச் சுரண்டி எடுக்கும் வேலையை எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

இழைத்துணி போடுமுன், நுண்கோளத் தூள் (உள்ளீடற்ற மிகச் சிறு கோளங்களாலான நிரப்புத் தூள்) கலந்த எபாக்ஸியை மெல்லத் தேய்த்துத் தெர்மாகோல் மணிகளுக்கு இடையிலான குழிகளை அடைத்துவிட வேண்டும். அடிப்பக்கத்துக்கு ஓர் அடுக்கு, கால் அழுத்தும் மேல்தளத்துக்கு இரண்டு, தண்டவாளங்களின் மேல் கூடுதலாக இரண்டு. அறையின் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும் மாலைப்பொழுதே இதற்கு ஏற்றது. வெப்பம் ஏறும்போது நுரைக்குள் உள்ள காற்று விரிந்து, ஈர ரெசினில் குமிழியிடும். கலந்த ரெசினைக் கிண்ணத்தில் குவியலாக விடாதீர்கள். தன் சூட்டிலேயே புகைந்து இறுகிவிடும்.

துணியின் மேல் பூசிய எபாக்ஸி மேற்பூச்சு இறுகியபின் 80, 120, 220 என உப்புத்தாளை மாற்றித் தேய்த்து, கடைசியில் 400-ஐ நீர் விட்டு இழையுங்கள். தேய்த்த பரப்பு மங்கும். பள்ளமான இடங்கள் மட்டும் சிறு புள்ளிகளாய்ப் பளபளக்கும். அந்தப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டு ஒரே இடத்தில் தேய்த்தால் துணியின் நெசவு தெரியத் தொடங்கும், அப்படித் தெரிந்தால் வலிமை குறைகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு, இன்னொரு பூச்சு கொடுங்கள். இழைத்தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

மேல்தளத்தில் காற்றுப்போக்கி ஒன்றைப் பொருத்துங்கள். வெயிலில் உள்காற்று விரிந்தால், வெளியேற வழியின்றி உறையை நுரையிலிருந்து பிரித்துவிடும். கறுப்புக் கார்பன் உறை போட்ட பலகையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.