ஹாஷிமோட்டோ தைராய்டு நோய்: பரிசோதனை எண்ணைப் பொய்யாக்கும் தவறுகள்

ஹாஷிமோட்டோ தைராய்டு நோய் என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், பினாங்கில் நான் பணிபுரியும் மருந்தகத்துக்கு வரும்போது, பெரும்பாலும் மருத்துவர் எழுதிய, லெவோதைராக்ஸின் என்னும் தைராய்டு ஹார்மோன் மாத்திரைக்கான சீட்டோடு உறவினர் சொன்ன வைட்டமின்களின் பட்டியலையும் கொண்டுவருகிறார்கள். எனக்கும் இந்நோய் உண்டு. தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. மாத்திரையை மறக்கக் கூடாது, தானாக நிறுத்தக் கூடாது என்பவற்றை மருத்துவரே சொல்லியிருப்பார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கி, அதன் சுரக்கும் திறனை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. சுரப்பு குறையும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அதிகமாக வெளியிடுகிறது. நாம் விழுங்கும் மாத்திரையின் அளவை மருத்துவர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்துத்தான். ஆகையால் அந்த எண்ணைப் பிறழச் செய்யும் எதுவும் சிகிச்சையையே பிறழச் செய்கிறது.

முடி வைட்டமினை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுப்பது

பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓர் ஆசிரியை, நூறு மைக்ரோகிராம் லெவோதைராக்ஸினில் நலமாக இருந்தவர். முடி உதிர்கிறது என்று தோழி ஒருவர் சொன்ன பயோட்டின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும், ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4 அதிகமாகவும் வந்தன. மருந்து மிகையாகிவிட்டது என்று கருதிய மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்தார். அந்த எண்களை மட்டும் பார்த்த எவரும் அதைத்தான் செய்திருப்பார். இரண்டு மாதத்துக்குப் பின் எடுத்த பரிசோதனை எல்லாம் வழக்கமான எல்லைக்குள் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அவருக்கோ முகம் வீங்கி, குரல் கரகரத்து, மலச்சிக்கலும் ஓயாத அசதியும் கூடிக்கொண்டே போயின. கொழுப்புச் சத்தும் உயர்ந்ததால் அதற்கென்று ஒரு மாத்திரை சேர்ந்தது. வகுப்பில் நிற்க முடியாமல் சம்பளமில்லா விடுப்பும் எடுத்தார்.

புதிய சீட்டோடு அவர் கடைக்கு வந்தபோது, முகத்துக்கும் பரிசோதனைத் தாளுக்கும் பொருத்தமே இல்லாததைக் கண்டு, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடி கேட்டபோது கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, "இது மருந்து இல்லையே அக்கா, முடிக்கான வைட்டமின்தானே" என்றார். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம் மட்டுமே. அதை நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் புட்டியையே காட்டச் சொன்னேன். சில நாட்கள் கழித்து எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. வழக்கமாக இருப்பதாகக் காட்டிய முந்தைய தாள் உண்மையில் கடுமையான குறைபாட்டை மறைத்திருக்கிறது.

இது நடக்கும் முறை இதுதான். ஆய்வகக் கருவிகள் பலவற்றில், ரத்தத்திலுள்ள ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்குப் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பையே பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால், அது அந்த ஸ்ட்ரெப்டாவிடின் இடங்களை முன்னரே நிரப்பிவிடுகிறது. டி.எஸ்.எச். பரிசோதனையில் இதனால் எண் பொய்யாகக் குறைகிறது. ஃப்ரீ டி4 பரிசோதனை எதிர்முறையில் கணக்கிடப்படுவதால் அங்கே எண் பொய்யாகக் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பதைப் போன்ற தோற்றம் கிடைக்கிறது. தைராய்டை மிகையாகச் சுரக்கச் செய்யும் கிரேவ்ஸ் நோய்க்கான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பரிசோதனைகூட இதே காரணத்தால் பொய்யாக உயரக்கூடும். எல்லாக் கருவிகளும் இப்படி ஏமாறுவதில்லை. ஆனால் உங்கள் ரத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இவ்வாறு பொய்யாகக் குறையலாம் என்பது அந்த எச்சரிக்கையின் முக்கியமான பகுதி.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னும், முடி, நகம், தோல் என்று பெயரிட்ட புட்டிகளை வாங்குபவர்களிடம் ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்பவர் அரிதாக இருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. கிளினிக்கில் மருந்துப் பட்டியல் கேட்டால், நோயாளி மருந்தை மட்டும் சொல்கிறார். வைட்டமினை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். நரம்பு நோய்களுக்காக மிக உயர்ந்த அளவில் சாப்பிடுபவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். முடி உதிர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை: தைராய்டு குறைபாடே முடியை உதிரச் செய்யும். டி.எஸ்.எச். சீரான பிறகும் முடி மீண்டும் வளரச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழப்பவர்கள் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம். பயோட்டின் குறைபாடு அரிது. இரும்புக் குறைபாடு நம் பெண்களிடம் அரிதன்று.

மாத்திரையோடு தே தாரேக்

லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காலை உணவும் காப்பியும் தேநீரும். தே தாரேக்கில் சேரும் கெட்டிப் பாலிலுள்ள கால்சியமும் காப்பியும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தொழிற்சாலைப் பணியாளர்களால் காலையில் காத்திருக்க முடிவதில்லை. அவர்கள் இரவு உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின், உறங்கப் போகும்போது சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எந்த நேரமானாலும் நாள்தோறும் அதே நேரமாக இருக்க வேண்டும்.

விரத மாதத்து எண்ணை நம்புவது

புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் நம் வீடுகளில் மீனும் கோழியும் நின்று, தௌஃபூ, தெம்பே, சைவ இறைச்சி என்று சோயாவில் செய்தவையே மூன்று வேளையும் இடம்பிடிக்கின்றன. சோயா கெடுதலானது அன்று. அதை விலக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அது மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கக்கூடியது. திடீரென்று பெருகினால் டி.எஸ்.எச். உயரலாம். அந்த மாதத்து எண்ணை வைத்து மருந்தைக் கூட்டினால், விரதம் முடிந்து பழைய உணவுக்குத் திரும்பியதும் அதே அளவு மிகையாகிவிடும். விரதம் இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் பரிசோதனையை வழக்கமான உணவுக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆன பிறகு வையுங்கள். முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் சமைத்து அளவோடு உண்டால் அஞ்சத் தேவையில்லை.

கெல்ப் மாத்திரை

வேண்டாம். கெல்ப் என்பது அயோடின் நிறைந்த கடற்பாசி; அயோடின் மிகுந்தால் ஹாஷிமோட்டோ மோசமாகக்கூடும். ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராமை அயோடின் கலந்த உப்பும் கடல்மீனும் தந்துவிடும்.

செலினியத்தை இரட்டிப்பது

செலினியம் ஆன்டிபாடி எண்ணைக் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியதுண்டு. நோயாளியின் உடல்நிலை அதனால் தேறுகிறது என்பது உறுதியாகவில்லை. நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400-ஐத் தாண்டக் கூடாது. செலினியம் மாத்திரை, பலவைட்டமின், கைநிறையப் பிரேசில் கொட்டை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் அந்த எல்லையை எளிதில் கடக்கிறார்கள். மிகையான செலினியம் முடியை உதிர்க்கும், நகத்தை உடைக்கும். பிறகு அந்த உதிர்வுக்கென்று பயோட்டின் வாங்க வருகிறார்கள்.

வைட்டமின் டி, பி12 இரண்டிலும் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத பினாங்கிலும் வைட்டமின் டி குறைபாடு காணப்படுகிறது. ஆனால் அளவின்றிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் உயரும். சைவ உணவினரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் பி12-ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பரிசோதிக்காமல் கோதுமையைக் கைவிடுவது

கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையை விலக்குவது சிகிச்சை. மற்றவர்களுக்கு அது தைராய்டைச் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சீலியாக் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். சப்பாத்தியையும் ரொட்டி சானாயையும் நிறுத்திப் பல மாதங்கள் கழித்துச் செய்தால், நோய் இருந்தும் இல்லையென்று வரக்கூடும்.

ஆன்டிபாடியை மாதந்தோறும் அளப்பது

காசு வீண். நோயை உறுதிசெய்ய ஒருமுறை போதும். மருந்தின் அளவு அதைப் பொறுத்ததன்று.

அவசரப் பரிசோதனை

லெவோதைராக்ஸினின் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அளவை மாற்றிய இரண்டாம் வாரத்தில் ரத்தம் கொடுத்தால் கிடைப்பது பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இடைப்பட்ட ஓர் எண். ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுங்கள். சீரான பின் ஆறு மாதத்துக்கு அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை போதும். டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் கூடி, பிற்பகலில் குறையும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில், காலையில், அன்றைய மாத்திரையை விழுங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள்.

காரில் விட்ட மாத்திரை

வெயிலில் வெந்த மாத்திரைப் பட்டையைத் தூக்கி எறியுங்கள்.

கர்ப்பத்தில் அடுத்த சந்திப்புவரை காத்திருப்பது

கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே உடலின் தேவை ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் உயர்கிறது. குழந்தையும் அப்போது தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரை அழைத்து அளவைக் கேளுங்கள். குழந்தை வேண்டும் என்று திட்டமிடும்போதே அவரிடம் பேசிவைத்தால், அன்று என்ன செய்வதென்பது கையில் இருக்கும். பாதிக் கர்ப்பகாலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கப்படும். தாய்சேய் நலக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் காலையில் விழுங்காமல், மதிய உணவுக்குப் பின்னோ இரவிலோ, நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள்.